தறியைக் கண்ட பின் பேரம்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சொகுசுக் கப்பல்கள் லெம்பார் துறைமுகத்திற்கு வருகின்றன. இறங்குவோரைச் சுகராரா என்னும் நெசவுக் கிராமத்திற்குப் பேருந்தில் அழைத்துச் செல்வர். நம்மவர்களும் குடும்பத்தோடு செல்கின்றனர், நல்லதே.

அங்கே சாசக் இன முஸ்லிம் பெண்கள் தரையில் கால் நீட்டி அமர்ந்து, தறியை இடுப்போடு பிணைத்து நெய்கின்றனர். பொன்னிழை கோத்த சொங்கெட் துணி ஒன்று முடிய வாரங்கள் ஆகும். நுட்பமான வேலைப்பாடெனில் மாதங்களும் ஆகும். நெய்யக் கற்ற பின்னரே பெண்ணுக்குத் திருமணம் என்பது அவ்வூரின் பழைய வழக்கம்.

இதையெல்லாம் கேட்டு 'மாஷா அல்லாஹ்' என வியந்துவிட்டு, மறுகணமே பாதி விலைக்குக் கேட்பதுதான் நமக்கு உறுத்துகிறது. பேரம் பேசுவது மார்க்கத்தில் ஆகுமானதே. அதை நாம் மறுக்கவில்லை. கடையில் மடித்து வைத்த துணிக்குப் பேரம் பேசுபவர் அதன் பின்னுள்ள உழைப்பை அறியாதவராக இருக்கலாம். நெய்யும் கரங்களை நேரில் கண்டவர் அவ்வாறு சொல்ல முடியுமா? கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்!

விலை நம் சக்திக்கு மீறியதெனில், சலாம் கூறி எழுந்து வருவதில் இழிவில்லை. கப்பல் புறப்படும் நேரத்தைக் காட்டி, 'இதுவே கடைசி விலை' என அப்பெண்ணை நெருக்குவதை மட்டும் தவிர்ப்போம்.