பூங்கா வேண்டும், சதுப்புக்குள் வேண்டாம்

நம் நகரங்களில் நீர்நிலையைச் சீரமைப்பது என்றால் பெரும்பாலும் ஒரே வாய்பாடுதான்: தூர்வாரி, கரையைச் செங்குத்தாக உயர்த்தி, மேலே பேவர் பிளாக் நடைபாதையும் வண்ண விளக்குகளும் போடுவது. மக்களுக்குக் காற்றாட நடக்க இடம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இந்த வாய்பாட்டைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

தென்சென்னையில் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக நீர் கடலுக்குப் போகிறது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கியது போக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நீர் தங்கும் பரப்பு சுருங்கியதன் விலையை 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சுற்றுப்புற மக்கள் கொடுத்தார்கள்.

சதுப்பின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. கணுக்கால் அளவு நீர் நிற்கும் சேற்றில்தான் உள்ளான்கள் அலகை நுழைத்து இரை தேடும். கோரையும் சம்பும் வேர்பிடிப்பது அங்கேதான்; நீலத் தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தப் புதருக்குள்தான். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் இந்த விளிம்பே இல்லாமல் போகும். இரவு விளக்குகள் பறவைகளின் ஓய்வையும் கெடுக்கும்.

மக்கள் வந்து பார்த்தால்தானே அக்கறை பிறக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சதுப்பின் ஓரத்தில் 2021-இல் திறக்கப்பட்ட பூங்காவும் பார்வை மேடைகளும் போதும். அதற்கு மேல் ஓர் அடிகூடச் சதுப்புக்குள் நகரக் கூடாது.

புதிய பூங்காக்களுக்கு உரிய இடம், சதுப்புக்கு நீர் வரும் வழி. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-இல் அரசு மீட்டதும் அங்கே குளங்கள் வெட்டப்பட்டது நல்ல தொடக்கம். மழைநீர் அங்கே தங்கினால் வேளச்சேரியின் சுமையும் அதைத் தாண்டிப் பள்ளிக்கரணையின் சுமையும் குறையும். இதற்கு முன்மாதிரியும் உண்டு: சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயை உடைத்து, செடிகொடிகள் நிறைந்த ஆறாக 2012-இல் மாற்றினார்கள். கனமழையில் ஆறு புல்வெளி மீது பரவும். எச்சரிக்கை ஒலித்ததும் மக்கள் மேட்டுக்குப் போய்விடுவார்கள். பூங்காவே வெள்ளத்தின் வடிகாலாகிறது.

அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை தெளிவானவை. சதுப்புக்குள் பாதையோ படகுத்துறையோ கூடாது. ஏரிகளிலிருந்து வரும் கால்வாய்களில் கழிவுநீர் கலப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் ஓரத்தில் பூச்செடி நடுவது ஏமாற்று வேலை. பூங்காக் கரைகள் சரிவாகவும் மண்ணாகவும் இருக்கட்டும். மண்ணின் மரங்களும் கோரையும் வளரட்டும். இனி எந்தப் பூங்காவுக்கும் நிதி ஒதுக்கும் முன், ஒரு பெருமழையில் அது எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற கணக்கைக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.