டார்ச் விளக்கும் அரசியல்தான்

"வெள்ளம் வந்தால் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். சங்கம் கூலியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசட்டும். டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன், இதெல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்ளும் வேலை. இதற்கு ஒரு தீர்மானமா?"

சென்ற பொதுக்குழுவில் மூத்த தோழர் ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கைதட்டலுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம். தோழரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் நல்லவர், சங்கத்துக்காகச் சிறை சென்றவர். ஆனால் நல்லவர்கள் சொல்லும் தவறுதான் நாலு பேரிடம் சீக்கிரம் பரவுகிறது.

தோழர்களே, 2018 ஆகஸ்டு மறந்துவிட்டதா? ஆகஸ்டு 9ஆம் தேதி செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது. 15ஆம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடினார்கள். 29ஆம் தேதி வரை திறக்க முடியவில்லை. ஆலுவாவில் பெரியாற்றுப் பாலத்தின் மேல் ரயில் விடுவதை நிறுத்தினோம். கேரளம் முழுவதும் 400 பேருக்கு மேல் மாண்டனர். 14 லட்சம் பேர் முகாம்களில் படுத்தனர். 44 ஆறுகள் ஓடுகிற நாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் புனேயிலிருந்தும் ரத்லாமிலிருந்தும் டேங்க் வேகன்களில் வந்தது! ரயில்வேயில் இருக்கும் நமக்கு இதைவிட வேறு பாடம் என்ன வேண்டும்? ஊரெல்லாம் வெள்ளம், குடிக்க ஒரு வாய் இல்லை.

பெரியாற்றங்கரையில் விழுந்த அடி நம் மட்டாஞ்சேரியின் மேல் விழவில்லை. அதனால்தான் மறந்தோம். ஆனால் நம் உறுப்பினர் ஒருவர் குடும்பத்தோடு ஏலூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குக் குடிபோயிருந்தார். அவர் மனைவியை முகாமில் பார்த்தோம். கட்டிய சேலையோடு, இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம், மூத்தவளின் பள்ளிச் சான்று எல்லாம் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டி கிடைத்தபோது உள்ளே கஞ்சி போல ஏதோ இருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உடனடி உதவியாக 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ஓர் அலுவலக மேசையில் அக்காவிடம் கேட்டார்கள்: "பேப்பர் எந்தெங்கிலும் உண்டோ?" பத்தொன்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவரிடம் ஒரு காகிதம் இல்லை. நாம் மூன்று மாதம் அலைந்து அந்தப் பணத்தை வாங்கினோம். மேசைக்குப் பின்னால் இருந்தவரை வையவில்லை. நாமும் குமாஸ்தாதான், காகிதம் இல்லாமல் ஒரு பார்சலைக்கூட நாம் கொடுப்பதில்லை. நம்முடைய கேள்வி வேறு. அந்தக் காகிதங்களை ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டு என்று சங்கம் அவருக்கு என்றைக்காவது சொல்லியிருந்ததா? கூலி உயர்வு பற்றி நாற்பது கூட்டம் போட்டோம். இதற்கு ஒரு கூட்டம் போட்டோமா?

இது கூலிப் பிரச்சினை இல்லையாம்! பத்தாயிரம் ரூபாய் எத்தனை நாள் கூலி என்று கைதட்டியவர்கள் கணக்குப் போடட்டும்.

மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அவசரப் பை ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்கிறது. டார்ச், ரேடியோ, அரை லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மருந்து, 100 கிராம் நிலக்கடலை, 100 கிராம் உலர்திராட்சை அல்லது பேரீச்சம்பழம், சிறு கத்தி, குளோரின் மாத்திரை, பேட்டரி பேங்க், சாதாரண போன், தீப்பெட்டி, கொஞ்சம் பணம். பட்டியலைக் கேலி செய்யவில்லை. வீட்டைவிட்டு ஓடும்போது தோளில் மாட்ட இது நல்ல பைதான். திராட்சைக்குப் பதில் வெல்லமும் பொரிகடலையும் வைத்தால் நம் கைக்கு அடங்கும். ஆனால் ஆபத்து என்றால் ஓட்டம் மட்டும்தானா?

2023ஆம் ஆண்டு தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிறவம் அருகே பாழூர் பம்பு நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகி, மேற்கு கொச்சி வாரக்கணக்கில் குடிநீருக்குத் தவித்தது. மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. பெரிய டேங்கர் லாரி நுழைய முடியாத சந்துகளில் நம் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அந்தத் தவிப்பு ஆறுமுன் மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரத்தில் குப்பை மலை தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகை. வீட்டுக்குள் இருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்றார்கள். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதில் ஆறு பேர். எந்த ஜன்னலைச் சாத்துவது? அரை லிட்டர் தண்ணீர் அங்கே எத்தனை நாழிகைக்கு?

கணக்கு இதுதான். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது வேண்டும். ஐந்து பேர், மூன்று நாள்: 45 லிட்டர். மூடி போட்ட 20 லிட்டர் கேன் இரண்டும் ஒரு குடமும். ஒரு வீட்டில் இதை வைத்தால் படுக்க இடமில்லை. அப்படியானால் எங்கே வைப்பது? இந்த இடத்தில்தான் அரசியல் தொடங்குகிறது.

ரயிலில் கார்டு கொண்டுபோகும் பெட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். (இப்போது அவருக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர், 2022-ல் மாற்றினார்கள். சம்பளம் மாறவில்லை, அது வேறு கதை.) ஆபத்தென்றால் எதிரே வரும் வண்டியை நிறுத்தச் சிவப்புக் கொடி, விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் வெடி, எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கும். ஒவ்வொரு பயணியும் வீட்டிலிருந்து ஒரு சிவப்புக் கொடி கொண்டு வரட்டும் என்று ரயில்வே சொல்வதில்லை. வண்டிக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு பொறுப்பாளர். வெளியில் இருக்கும் டோபிகானாவைப் பாருங்கள்; தமிழ் வண்ணார் சமூகத்தார் பொதுக் கொட்டகையில், பொதுத் தண்ணீரில், ஆளுக்கொரு தொட்டியில் உழைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டவில்லை.

ஆகவே வீட்டுக்கு ஒரு பை என்பதோடு நிற்காமல், பத்து வீட்டுக்கு ஒரு பெட்டி என்கிறோம். வீட்டுக்கு வாரம் 5 ரூபாய். ஒரு டீக்கு ஆகும் காசுகூட இல்லை. பத்து வீடு, 52 வாரம்: 2,600 ரூபாய். ஒரு நல்ல டார்ச், பேட்டரி ரேடியோ, கயிறு, தார்ப்பாய், விசில், ஓ.ஆர்.எஸ்., கட்டுத்துணி, கேன்கள் என்று ஒரு வருடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். சந்தில் உயரமான திண்ணை அல்லது மாடி உள்ள வீட்டில் பெட்டி இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெள்ளம் வரும் வேளையில் வீட்டில் இருப்பது யார், லோடு இறக்கப் போன நாமா?

"நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்கள் 2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். நம்மில் பாதிப் பேரின் சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை. வண்டியில் சுமார் 800 பேர். சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்; மற்றவர்கள் 19ஆம் தேதி வரை ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். ஹெலிகாப்டர் உணவு கொண்டுவருமுன் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள். அவர்கள் பணக்காரர்களா? அவர்கள் வீட்டைச் சுற்றியும் அதே வெள்ளந்தான். தெற்கத்திக் கோயில் கொடையில் நூறு பேருக்கு உலை வைத்துப் பழகியவர்கள் நாமும்தான். அண்டாவும் கரண்டியும் நம்மிடமும் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன, யார் எடுப்பது என்று மட்டும் பேசி வைத்ததில்லை. (அண்டா என்றதும் நினைவு வருகிறது: 2021 அக்டோபர் வெள்ளத்தில் ஆலப்புழை மாவட்டத் தலவடியில் மணமக்கள் பெரிய செம்பில் உட்கார்ந்து மிதந்து போய்த் தாலி கட்டினார்கள். மட்டாஞ்சேரியில் பிரியாணிச் செம்புக்கா பஞ்சம்!)

பேசி வைக்காததன் பலன் என்ன தெரியுமா? லாரியிலிருந்து பொட்டலம் வீசுவார்கள். ஓடிப் பிடிப்பவனுக்குச் சோறு. இந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா என்ற தகர வில்லையைக் கூட்டத்தில் வீசி எறிந்தார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைய வேலை. அதை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீதுதான் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தது. வேலைக்காக ஒருவரையொருவர் மிதிக்க மாட்டோம் என்ற ஊரில், சோற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் மிதித்துக்கொள்ளலாமா?

வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய சில காரியங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வானிலைத் துறை மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6 முதல் 11 செ.மீ. மழை, ஆரஞ்சு என்றால் 20 செ.மீ. வரை; சிவப்பு என்றால் அதற்கு மேல். மலையாள எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும் அல்லவா? ஆரஞ்சிலேயே பையைக் கட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வீட்டைவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடிக் கயிற்றால் கட்டுங்கள். காலியான சிலிண்டர் மிதக்கும். திரும்பி வந்ததும் சுவிட்சைத் தொடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மின்சாரம். பாம்பு இருக்கும், கம்பால் தட்டிக்கொண்டு நுழையுங்கள். வயிற்றுப்போக்கு வந்து பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அளவு கூடக்கூடாது. வெள்ளத்தில் நின்று வேலை செய்தவர்கள் எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை போடும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுகாதார ஊழியரிடம் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 2018-ல் தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தக் காய்ச்சல் ஆளைக் கொன்றது.

சரி, இத்தனையும் நாமே செய்துகொண்டால் சர்க்காரை விட்டுவிடுவதாகாதா? மூத்த தோழரின் உண்மையான பயம் இதுதான். நியாயமான பயம். விட்டுவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவழி, மதம் என்ற பேதம் கூடாது என்கிறது. மொழி என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. அதைச் சேர்க்கக் கேட்போம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. எத்தனை முறை எழுதினோம்? எச்சரிக்கை வண்டி நம் சந்தில் தமிழிலும் பேசட்டும், முகாமின் பெயரும் வழியும் தமிழில் எழுதி ஒட்டப்படட்டும் என்று தமிழில் மனு எழுதினால், மனுவே பாதிப் போராட்டம். வெளியிலிருந்து வந்த தொழிலாளியை 'அதிதி', அதாவது விருந்தாளி, என்று அழைக்கிறார்கள். மரியாதையான சொல். ஆனால் விருந்தாளிக்கு இலை போடுவார்கள், ரேஷன் அட்டை கொடுப்பதில்லை. தமிழ்நாட்டு அட்டையோடு வந்திருப்பவர்கள் அட்டையைப் பாருங்கள்: பி.எச்.எச். என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்குள்ள கடையில் விரல் வைத்து அரிசி வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் அதில் இருக்கிறது. என்.பி.எச்.எச். என்றிருந்தால் கிடைக்காது. இது தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் நம்மில் உண்டு. நாமும் போட்டோம்.

பெட்டி உள்ள சந்துதான் தைரியமாக மனுக் கொடுக்கும். கையில் மூன்று நாள் தண்ணீர் இருப்பவனுக்கு லாரியின் பின்னால் ஓட வேண்டியதில்லை. நின்று கேள்வி கேட்கலாம்.

சென்ற பொங்கல் விழாவுக்கு நாம் வைத்த தட்டிகளின் செலவு, ஐந்து சந்துகளின் பெட்டிக்குக் காணும். பொருளாளரின் நோட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்தச் செலவுக்குக் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர்.

ஒத்திவைத்த தீர்மானம் வரும் மாத முதல் ஞாயிறு மாலை 4 மணிக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். வரும்போது ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புத்தகம் மூன்றையும் கொண்டு வரவும். நகல் எடுத்து உறையில் போட்டுத் தருவோம், உறை சங்கத்தின் செலவு. மூடி சரியாக இருக்கும் பழைய கேன் வீட்டில் இருந்தால் கழுவி எடுத்து வரவும். மண்ணெண்ணெய் இருந்த கேன் வேண்டாம்.