இல்லை என்று எழுதும் முன்
காட்டுக்குள் வரும் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடுகளில், ஒரே பருவத்து ஆய்வை வைத்துத் தவளை, பாம்புகளின் பட்டியலை முடித்துவிடும் வழக்கத்தை ஏற்க முடியவில்லை. ஊதாத் தவளையையே பாருங்கள். அதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். வளர்ந்த தவளை அறிவியலுக்கு அறிமுகமானதோ 2003-இல், இடுக்கியிலிருந்து. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வாழ்ந்து, மழையில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும் உயிர் அது. அதன் நெருங்கிய உறவினமான பூபதி தவளை 2017-இல் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. (2014-இல் அகத்தியமலையில் கள ஆய்வின்போதே உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் அது, இந்த வேலையின் விலையும் அதில் இருக்கிறது.) மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் வாழும் ஊதாத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இணைசேர, கிழக்குச் சரிவின் பூபதி தவளை வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கிறது. கோடையில் பகலில் நடந்து தேடியவருக்கு இரண்டுமே கண்ணில் படாது. அறிக்கையில் மட்டும் 'இல்லை' என்று ஏறிவிடும். இதற்காகத் திட்டங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதா என்று கேட்பார்கள். அவ்வளவு வேண்டாம், இரண்டு பருவமழையிலும் இரவு நடையும், ஓடைகளில் தலைப்பிரட்டைத் தேடலும் கொண்ட முழு ஓராண்டைக் கேட்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால் போதாதா? கத்தும் தவளைக்கு அது உதவும். மண்ணுக்குள் சத்தமின்றி வாழும் கவசவால் பாம்புக்கு, சருகையும் கல்லையும் ஆள்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.