கோர்ட்டில் தோற்றும் கூகுள் பங்கு ஏறியது ஏன்?

தேனி பஸ் நிலையத்தில் டீ குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போனைத்தான் எடுக்கிறோம். நாட்டில் 10 ஸ்மார்ட் போனில் 9-க்கு மேல் ஆண்டிராய்டு. அதன் சொந்தக்காரர் அமெரிக்காவின் கூகுள் கம்பெனி.

அதன் தலைவர் சுந்தர் பிச்சை 1972-ல் மதுரையில் பிறந்தவர். அப்போது தேனியும் மதுரை மாவட்டம்தான்! "நம்மூர்க்காரர் கம்பெனி மேலேயா கேசு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், கேசுதான். ஒன்றல்ல, பல.

போடி ஏலம்

போடிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, அந்த ஏலக்கூடமே ஒரு ஆளுக்குச் சொந்தம் என்று வையுங்கள். ஏலம் விடுவதும் அவர், சரக்கு விற்பதும் அவர். "என் மூட்டையையும் சேர்த்து எடுத்தால்தான் உள்ளே விடுவேன்" என்கிறார். வியாபாரி என்ன செய்வார்?

கூகுள் அப்படித்தான் நடந்தது என்றது இந்தியப் போட்டி ஆணையம். "பிளே ஸ்டோர் வேண்டுமா? எங்கள் மற்ற ஆப்களையும் போனில் போட்டு விற்க வேண்டும்" என்று போன் கம்பெனிகளிடம் நிபந்தனை போட்டதாம். 2022 அக்டோபர் 20-ந் தேதி ரூ.1,337.76 கோடி அபராதம். ஐந்தே நாளில், பிளே ஸ்டோர் வசூல் விவகாரத்தில் இன்னொரு ரூ.936.44 கோடி.

மேல்முறையீட்டில் முதல் அபராதம் அப்படியே நின்றது. ஆனால் கூடவே போட்ட 10 உத்தரவில் 4 அடிபட்டுப் போயின. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் ரூ.216.69 கோடியாகச் சுருங்கியது.

ரூ.1,337 கோடி பெரிய தொகைதானே? நமக்குப் பெரிசு. 2022-ல் கூகுளின் தாய்க் கம்பெனி சம்பாதித்த லாபம் சுமார் 6 ஆயிரம் கோடி டாலர். கணக்குப் போட்டால் அபராதம் ஒரு நாள் லாபம். அவ்வளவே!

தரகுக்கே தரகு

2024 மார்ச் 1-ந் தேதி சென்னைக் கம்பெனியின் பாரத் மேட்ரிமோனி ஆப் பிளே ஸ்டோரில் இருந்து தூக்கப்பட்டது. கட்டணத் தகராறு. ஆப்புக்குள் வசூலாகும் பணத்தில் 11 முதல் 26 சதவீதம் வரை கூகுள் கேட்டது. ஸ்டோரை நடத்தச் செலவு ஆகிறது, அதற்குக் கூலி என்பது கூகுள் வாதம். வரன் பார்த்துக் கொடுப்பவரிடமே தரகு! அன்றே மேட்ரிமோனி கம்பெனியின் பங்கு இறங்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் ஆப் திரும்பி வந்தது. கூடத்துச் சொந்தக்காரர் கதவைச் சாத்தினால் முதலீட்டாளர் எப்படிப் பயப்படுவார் என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

ஒரே நாளில் 9 சதவீதம்

இனி அமெரிக்கா. "தேடுதல் தொழிலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது" என்று 2024 ஆகஸ்டு 5-ந் தேதி நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இவர் குஜராத்தில் பிறந்தவர். ஆப்பிள் போனில் முதல் இடம் பிடிக்க 2022-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2 ஆயிரம் கோடி டாலர் என்பது இந்த வழக்கில்தான் வெளியே வந்தது. அந்த நவம்பரில், "குரோமை விற்க வேண்டும்" என்று அமெரிக்க அரசு கேட்டதும் பங்கு ஒரே நாளில் சுமார் 5 சதவீதம் விழுந்தது.

2025 செப்டம்பர் 2-ல் தண்டனை வந்தது. குரோமை விற்க வேண்டாம். ஆப்பிளுக்குப் பணமும் கொடுக்கலாம். ஆனால் "என்னை மட்டும்தான் வைக்க வேண்டும்" என்று ஒப்பந்தம் போடக்கூடாது; தேடுதல் விவரங்களில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்குக் கொடுக்க வேண்டும். மறுநாள் கூகுள் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்ற கதைதான். குற்றவாளியா இல்லையா என்று சந்தை பார்ப்பதில்லை. கம்பெனியை உடைப்பார்களா, வசூல் குறையுமா என்றுதான் பார்க்கிறது. பயத்துக்கு முன்பே விலை குறைத்தவர்கள், பயம் போனதும் ஏற்றிவிட்டார்கள்.

சின்னமனூரிலும் கம்பத்திலும் மாதாமாதம் மியூச்சுவல் பண்டில் பணம் போடுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சில பண்டுகள் அமெரிக்கப் பங்கும் வாங்குகின்றன. அடுத்த முறை கூகுள் செய்தி வந்தால் அபராதத் தொகையைப் பார்த்துப் பதறி விற்க வேண்டாம். கூடவே என்ன உத்தரவு போட்டார்கள் என்று இரண்டாவது பாராவைப் படியுங்கள்.

இன்னொன்று. புது ஆண்டிராய்டு போனை முதலில் திறக்கும்போது, "தேடுவதற்கு எது வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வருகிறதா பாருங்கள். இந்திய அபராதத்துக்குப் பிறகு 2023 ஜனவரியில் கூகுள் ஒப்புக்கொண்ட மாற்றங்களில் அதுவும் ஒன்று.