கூட்டினால் குணமாகாது

நீண்ட நாள் தங்கும் வைரஸ் தொற்றுக்கு எதிர்ப்பாற்றல் குறைவுதான் காரணமாம். எதிர்ப்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் புரதங்களைக் கூட்டிவிட்டால், தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்கள் வைரஸைத் துரத்திவிடுமாம். சென்ற இதழின் கட்டுரையாளர் இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வகங்கள் பொய்யாக்கிவரும் கருத்து இது.

ஆய்வகங்களில் எலிகளுக்குத் தொற்றவைக்கும் எல்சிஎம்வி வைரஸின் குளோன் 13 என்ற வகை, எலியின் உடலில் நெடுநாள் தங்கும். அப்படிப்பட்ட தொற்றில் டி செல்கள் இருந்தும் செயலற்றுக் கிடப்பதை 1998இல் ராஃபி அகமதுவின் குழு காட்டியது. அவற்றை முடக்குவதில் சைட்டோகைன்களுக்கே பங்கு உண்டு. 2006இல் இன்டர்லூகின்-10 என்ற சைட்டோகைன் தன் ஏற்பியில் ஒட்டாதபடி ஆய்வாளர்கள் எலிகளில் தடுத்தார்கள். டி செல்கள் விழித்தன, வைரஸ் அகன்றது. கட்டுரையாளர் கொண்டாடும் இன்னொரு சைட்டோகைனான இன்டர்ஃபெரானின் கதை இன்னும் பாதகமானது. தொற்று நிலைத்துவிட்டால் அதுவே இன்டர்லூகின்-10ஐயும், டி செல்களுக்கு பிரேக் போடும் பிடி-எல்1 புரதத்தையும் தூண்டுகிறது. 2013இல் அதன் ஏற்பியை அடைத்தபோது வைரஸ் முதலில் கூடியது, பிறகு விரைவில் அகன்றது. அதே இன்டர்ஃபெரானைத் தொற்றின் தொடக்கத்திலேயே தடுத்தபோது, குரங்குகளில் எச்ஐவியின் உறவு வைரஸான எஸ்ஐவி பெருகியது. எப்போது என்ற கேள்வியைக் கேட்காமல் "கூட்டு" என்பவருக்கு இந்தத் துறையின் அரிச்சுவடியே தெரியவில்லை.

டி செல்களின் முடக்கம் வெறும் பலவீனமும் அல்ல. பிடி-எல்1 இல்லாத எலிகளுக்குக் குளோன் 13 தொற்றியபோது, தறிகெட்ட எதிர்ப்பாற்றலே அவற்றைக் கொன்றது. அந்த பிரேக் உடலைக் காப்பாற்றவே இருக்கிறது.

மனிதர்களிடம் சோதித்தார்களா? சோதித்தார்கள். எச்ஐவி உள்ள 5,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இரண்டு பெரிய ஆய்வுகளில், டி செல்களைப் பெருக்கும் சைட்டோகைனான இன்டர்லூகின்-2 சோதிக்கப்பட்டது. 2009இல் முடிவு வந்தது: சிடி4 வகை டி செல்களின் எண்ணிக்கை ஏறியது, நோயும் சாவும் குறையவில்லை. எண்ணிக்கை ஏறினால் போதும் என்ற வாதம் அன்றே செத்துவிட்டது.

ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்களே என்கிறார் கட்டுரையாளர். போட்டார்கள், பலருக்குக் குணமாகவில்லை, பக்கவிளைவுகளோ கடுமை. இன்று பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குணப்படுத்தும் மாத்திரைகள் வைரஸின் புரதங்களையே தாக்குகின்றன. அவர் காட்டிய சான்றே அவருக்கு எதிராக நிற்கிறது.

இந்தப் பிழை ஏட்டோடு நிற்காது என்பதால்தான் இவ்வளவு கடுமை. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களே, எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடியை நம்பி, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கல்லீரல் அழற்சி உயிருக்கே ஆபத்தாகத் திரும்பக்கூடும்.