பவுண்டின் கௌரவமும் பாட்டாளியின் கூலியும்

வட்டி என்றால் நம் தோழர்களுக்குத் தெரியும். அடகுக் கடையில் அண்டாவை வைத்துவிட்டு மாதாமாதம் கட்டுகிறோமே, அதுதான். ஆனால் ‘வட்டி விகிதம் உயர்ந்தது, நாணய மதிப்பு நிலைபெற்றது’ என்று ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி பத்திரிகையில் வந்தால், அது பங்கு மார்க்கெட்டுக்காரர்களுக்கு எழுதியது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். புரட்டாதீர்கள் என்கிறோம். அந்த ஒரு வரிச் செய்திக்குள்ளே பத்து லட்சம் தொழிலாளர் வீட்டு அடுப்பு அணைந்த கதை இருந்ததுண்டு.

1925 ஏப்ரல் 28. பிரிட்டிஷ் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், பவுண்டு நாணயம் மீண்டும் தங்கத்தோடு பிணைக்கப்படும் என்று பட்ஜெட் உரையில் அறிவித்தார். எந்த விலைக்கு? முதல் உலகப் போருக்கு முன்பிருந்த அதே பழைய விலைக்கு! ஒரு பவுண்டுக்கு 4 டாலர் 86 சென்ட். போரிலே பிரிட்டன் கடன்பட்டுவிட்டது, விலைவாசி ஏறிவிட்டது, அமெரிக்கா முந்திவிட்டது. 1924-ன் நடுவிலே சந்தையில் பவுண்டு ஏறத்தாழ 4 டாலர் 40 சென்ட்டுக்குத்தான் விலைபோயிற்று. இருந்தும் பழைய விலைதான் வேண்டும் என்றார்கள் லண்டன் பாங்கிக்காரர்கள். பவுண்டின் கௌரவம் என்றார்கள்.

சர்ச்சிலுக்கே இதில் அரை மனதுதான் என்பது விந்தை. நிதித்துறையின் செருக்குக் குறைந்து, தொழில்துறை மனநிறைவோடு இருப்பதையே தாம் விரும்புவதாக, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தம் அதிகாரிக்கு எழுதியிருந்தார். எழுதியது ஒன்று, செய்தது வேறொன்று! (நம் ரூபாயையும் 1927-ல் 18 பென்சு விலைக்குக் கட்டிப்போட்டு, பம்பாய் ஆலைக்காரர்கள் 16 பென்சு போதும் என்று கதறியதைக் கேளாதிருந்ததும் அதே லண்டன்தான்.)

இதிலே தொழிலாளிக்கு என்ன வந்தது என்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் நிலக்கரி ஒரு பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நேற்று அதை வாங்கிய வெளிநாட்டு வியாபாரி 4 டாலர் 40 சென்ட் கொடுத்தான். இன்று அவனிடம் 4 டாலர் 86 சென்ட் கேட்கிறார்கள். கரி அதே கரிதான். வெட்டியவனும் அதே வேல்ஸ் நாட்டுத் தொழிலாளிதான். வாங்குகிறவன் என்ன செய்வான்? ஜெர்மானியக் கரியைத் தேடிப் போவான். போலந்துக் கரியைத் தேடிப் போவான். அவனைத் தக்கவைக்க வேண்டுமானால், சுரங்க முதலாளி பவுண்டுக் கணக்கிலே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலையைக் குறைத்தாக வேண்டும். எதிலிருந்து குறைப்பான்? லாபத்திலிருந்தா?

வட்டி இங்கேதான் வந்து நுழைகிறது. பவுண்டை அந்த உயரத்தில் நிறுத்தத் தங்கம் வேண்டும். தங்கம் லண்டனை விட்டு ஓடாதிருக்க, மற்ற ஊர்களைவிட அதிக வட்டி தர வேண்டும். 1925 மார்ச்சிலேயே பாங்க் ஆப் இங்கிலாந்து தன் வட்டியை 4 சதவீதத்திலிருந்து 5 ஆக்கிற்று. பணம் வைத்திருப்பவனுக்கு அது விருந்து. யந்திரம் வாங்கக் கடன் கேட்கும் ஆலைக்கும், ஏழைக்கு வீடு கட்டக் கடன் கேட்கும் நகரசபைக்கும் அதுவே பூட்டு.

கெயின்ஸ் என்ற பொருளாதார அறிஞர் அந்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதி, இந்தக் கொள்கைக்கு முதல் பலி சுரங்கத் தொழிலாளிதான் என்று எச்சரித்தார். அவர் நம் முகாமைச் சேர்ந்தவரல்லர். கேம்பிரிட்ஜ் கனவான், லிபரல் கட்சிக்காரர். அவர் கண்ணுக்கே தெரிந்தது, ஆட்சியாளர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதக் கடைசியிலேயே சுரங்க முதலாளிகள் கூலி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நோட்டீசு கொடுத்தனர். ரூர் பகுதிச் சுரங்கங்கள் மீண்டும் வேலை தொடங்கியதும் அவர்களுடைய நெருக்கடிக்கு ஒரு காரணந்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ரூர் கரியோடு போட்டி போட வேண்டிய நேரத்தில், தன் கரியின் விலையைத் தானே ஏற்றிக்கொண்ட அரசை என்னென்பது? ஒன்பது மாதம் மானியம் கொடுத்துச் சமாளித்தார்கள். 1926 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மானியம் நின்றது. மறுநாள் சுரங்கங்கள் கதவடைக்கப்பட்டன. “கூலியில் ஒரு பென்னி குறையாது, வேலையில் ஒரு நிமிடம் கூடாது” என்றார் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் செயலாளர் ஏ. ஜே. குக். மே 4 முதல் 12 வரை நாடே வேலைநிறுத்தம் செய்தது. ரயில் நின்றது, அச்சகம் நின்றது, துறைமுகம் நின்றது. ஒன்பதாம் நாள் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர்கள் பின்வாங்கினர். சுரங்கத் தொழிலாளர் மட்டும் தனித்து நின்றனர், நவம்பர் வரையிலே! பசி வென்றது. கூலியும் குறைந்தது, ஏழு மணி நேர வேலை எட்டு மணி நேரமாகவும் ஆயிற்று.

அந்தப் பவுண்டாவது நிலைத்ததா? 1931-ல் மறுபடியும் தங்கம் ஓடத் தொடங்கிற்று. அப்போது நாற்காலியில் இருந்தது தொழிற்கட்சி. நாணயத்தைக் காக்க, வேலையில்லாதார் உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கை வெட்ட வேண்டும் என்ற பேச்சிலே மந்திரிசபை பிளந்து ஆகஸ்டில் கவிழ்ந்தது. பிரதமர் மக்டோனல்டு எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து புது மந்திரிசபை அமைத்துக்கொண்டார். செப்டம்பரில் சம்பள வெட்டைக் கேட்ட கடற்படை வீரர்கள் இன்வர்கார்டன் துறைமுகத்தில் கப்பலை எடுக்க மறுத்தனர். 21-ஆம் தேதி பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. 1932 ஜூனில் வட்டி 2 சதவீதமாயிற்று. வீடு கட்டும் தொழில் தழைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதைச் செய்திருந்தால்?

‘நாணயம் இறங்கினால் இறக்குமதிப் பண்டம் விலை ஏறாதா?’ என்று கேட்பார்கள். ஏறும், உண்மைதான். அந்தச் சுமை ஊர் முழுவதும் பகிர்ந்து சுமப்பது. கூலி வெட்டோ ஒருவன் முதுகில் மட்டும் விழுவது.

1992-ல் அதே நாடகம் மறுபடியும் நடந்தது. இம்முறை தங்கத்துக்குப் பதில் ஜெர்மன் மார்க். கிழக்கு ஜெர்மனியைச் சேர்த்துக்கொண்ட செலவால் விலைவாசி ஏறுகிறது என்று ஜெர்மன் மத்திய பாங்கி தன் வட்டியை 8.75 சதவீதமாக்கியது. மார்க்கோடு பிணைந்திருந்த பவுண்டும் வட்டியைக் குறைக்க முடியாமல் திணறியது. வேலையில்லாதார் தொகை முப்பது லட்சத்தை நெருங்கிக் கொண்டிருந்த நேரம்! செப்டம்பர் 16 ஒரே நாளில், நிதியமைச்சர் நார்மன் லமாண்ட் 10 சதவீத வட்டியைப் பகலிலே 12 ஆக்கினார். மறுநாள் முதல் 15 என்றார். மாலையில் பிணைப்பையே அறுத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் வட்டி 6 சதவீதம். அன்று பவுண்டைத் தாங்கிப் பிடித்ததில் அரசு கஜானாவுக்கு நட்டம் 330 கோடி பவுண்டு என்று, பிறகு வெளியான அரசு ஆவணமே கணக்குச் சொல்லிற்று.

பிரிட்டனுக்காவது அறுத்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. கிரீசுக்கு அதுவும் இல்லை. யூரோவிலே சேர்ந்தபோதே தன் டிராக்மா நாணயத்தைக் கைவிட்டுவிட்ட நாடு அது. 2011 ஏப்ரலிலும் ஜூலையிலும், ஏதென்சில் வேலையில்லாதார் பெருகிக் கொண்டிருக்கையில், பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய பாங்கி இருமுறை வட்டியை ஏற்றிற்று. நாணயத்தை இறக்க வழியில்லாத இடத்தில், 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கூலியை 22 சதவீதம் இறக்கினார்கள். மாதம் 751 யூரோ 586 ஆயிற்று. 25 வயது நிரம்பாத இளைஞருக்கு வெட்டு 32 சதவீதம். பிராங்க்பர்ட்டார் தம் இரண்டு வட்டி உயர்வுகளையும் 2011 டிசம்பருக்குள்ளேயே திரும்பப் பெற்றுக்கொண்டனர். கிரேக்கத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி பழைய 751 யூரோவைத் தாண்டியது 2023 ஏப்ரலில்.