ஷெனாய் ஊதின ஆளுக்குப் பெயர் இல்லையா?

பழைய மிடி ஒலி வங்கிகளை உடைத்து, உள்ளே கிடக்கும் வாத்திய சாம்பிள்களை வெளியே எடுப்பது திருட்டு எண்டு ஒரு கூட்டம் சொல்லுது. இன்னொரு கூட்டம் அதைப் பெரிய வீரச்செயலாகக் கொண்டாடுது. இரண்டு பேரோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. முதல் கூட்டத்தோடு சின்னச் சண்டை. மற்றக் கூட்டம் எங்கட கூட்டம், அதால அங்கதான் பெரிய சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மிடி கோப்புக்குள் சத்தமே கிடையாது. 1983இல் வந்த இந்த முறை கடத்துவது கட்டளைகளை மட்டும்தான்: இந்தக் கட்டையை அமத்து, இவ்வளவு வேகமாக அமத்து, இப்ப விடு. சத்தம் இருப்பது கருவியின் சிப்பில். யாரோ ஒருவர் ஸ்டூடியோவில் வாசித்த ஒற்றைச் சுரத்தைப் பதிந்து, வெட்டிச் சுருக்கி, அதற்குள் அடைத்துவிடுவார்கள். நினைவகம் விலை கூடின காலம் அது. 1991இல் வந்த றோலண்ட் எஸ்சி-55 தன்னுடைய எல்லா வாத்தியங்களின் ஒலி அலைகளையும் 3 மெகாபைட்டுக்குள் வைத்திருந்தது. அதனால் சுரத்தின் தொடக்கத்தை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். லூப் என்பது இதுதான். நீங்கள் கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரைக்கும் அந்த ஆள் மூச்சே வாங்காமல் ஊதிக்கொண்டு நிற்பார்.

சிப்பை வாசித்து எடுத்தவுடன் கேட்பது வெறும் இரைச்சல். 1987ஆம் ஆண்டின் எம்டி-32இல் ஒவ்வொரு சாம்பிளுக்குள்ளும் பிட்டுகள் இடம் மாறிக் கிடக்கும்; அளவுகளும் நேராக இல்லாமல் மடக்கைக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். எஸ்சி-55இல் முகவரிப் பிட்டுகளின் ஒழுங்கும் தரவுப் பிட்டுகளின் ஒழுங்கும் சீட்டுக்கட்டைக் குலைத்த மாதிரி. எந்தப் பிட் எங்கே போகவேண்டும் என்று ஆட்கள் பொறுமையாக இருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். முன்ட், நியூக்ட் எஸ்சி-55 என்ற திறந்த நிரல்களில் அது எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருக்கு. இந்த உழைப்பை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. செயலிழந்த சிப்பில் இருந்து ஒரு சுரத்தையும் எடுக்க ஏலாது. அதுக்கு முதல் எடுத்து வைக்கிறதைச் சுவடியைப் படியெடுக்கிற வேலை எண்டுதான் நாங்கள் சொல்லுவம். திருட்டு எண்டு சொல்லுற ஆக்களிட்ட ஒரே கேள்வி: ஆரிட்ட இருந்து?

ஏனென்றால் அந்தக் கேள்விக்கு வங்கியே தருகிற பதில் பாதிப் பதில். உங்கட விண்டோஸ் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு வங்கி இருக்கு. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ட்ரைவர்ஸ், அதற்குள் ஜிஎம்.டிஎல்எஸ். 3 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கூட. திறந்து பார்த்தால் றோலண்டின் பெயரும் 1996 என்ற பதிப்புரிமை ஆண்டும் இருக்கும். வாசித்தவர்களின் பெயரைத் தேடாதீர்கள்.

சவுண்ட்ஃபொன்ட் எனப்படும் எஸ்எஃப்2 கோப்பு இன்னும் மோசம். எடுத்த சாம்பிள்களைக் கனபேர் இந்த வடிவத்தில்தான் சேமித்துப் பகிர்கிறார்கள். பதிப்புரிமைக்கு ஒரு புலம், பொறியியலாளருக்கு ஒரு புலம், எந்த மென்பொருளில் செய்தது என்பதற்குக்கூட ஒரு புலம். ஒவ்வொரு சாம்பிளுக்கும் 20 எழுத்தில் ஒரு பெயர், மாதிரி வேகம், லூப் தொடங்கும் இடம், முடியும் இடம், மூலச் சுரம். ஊதினவருக்கு? இல்லை. எஸ்எஃப்2 பிறந்த ரிஃப் கோப்புக் குடும்பத்தில் கலைஞர் பெயருக்கென்று ஒரு புலம் உண்டு. எஸ்எஃப்2 தன்னுடைய பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. மென்பொருளுக்கு இருக்கிற மரியாதை மனுசருக்கு இல்லை.

பட்டியல்களுக்கு இந்தப் பழக்கம் புதுசில்லை. 1991இன் ஜெனரல் மிடி 128 ஒலிகளுக்கு இலக்கம் போட்டது. பியானோ வகைக்கு 8 இடம், கிற்றார் வகைக்கு 8 இடம். சிதார், பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பாக்பைப், ஃபிடில், ஷெனாய் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் தள்ளி, 'இனக்குழு' வாத்தியங்கள் எண்டு பெயர் வைத்து, அதற்கும் அதே 8. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இடமில்லை. தாளப் பட்டியலின் 47 சத்தங்களில் தபேலாகூட இல்லை. ஆனால் ஹெலிகொப்டருக்கு 126, துப்பாக்கிச் சூட்டுக்கு 128. எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு இந்த இரண்டுக்கும் சாம்பிள் தேவைப்பட்டிருக்காது.

'ஒரு சுரம்தானே, அதுக்கென்ன பெயர்?' எண்டு கேட்பார்கள். ஷெனாயில் சுரம் கட்டையில் காத்துக்கொண்டு இருப்பதில்லை. சீவாளியில் உதட்டின் பிடி, மூச்சின் அழுத்தம், துளையில் விரல் எவ்வளவு மூடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அது சுருதியில் நிற்கும். அப்படி நிற்க வைக்கிறதுக்கு வருசக்கணக்கில் சாதகம் வேணும். 'காசு குடுத்திருப்பாங்கள்' எண்டும் சொல்லுவினம். குடுத்திருக்கலாம். பொறியியலாளரும் சம்பளம் வாங்கினவர்தான். அவருக்குப் புலம் இருக்குதே.

தமிழ் படிக்கிற எங்களுக்கு இதில் கோபம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கு. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. பாட்டுக்குள் இருந்த தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தார். பெயர் தெரியவில்லை என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு. ஓலையில் எழுதின காலத்தில் விளங்கின இந்த வித்தியாசம், வாத்தியக்காரர் கண்ணாடிக்கு அங்கால இருக்கும்போது இங்கால இருந்து பதிவுசெய்தவர்களுக்கு விளங்கவில்லை. இப்ப அதே சாம்பிளை எடுக்கிற எங்கட ஆக்களும் சுத்தமான லூப், சரியான மாதிரி வேகம் எண்டு பெருமை பேசிப்போட்டு, அதே வெறுமையைத்தான் படியெடுக்கினம்.

சாட்டுச் சொல்ல வழியில்லை. எஸ்எஃப்2இல் குறிப்புக்கென்று ஒரு புலம் இருக்கு, 65,536 பைட் வரைக்கும் எழுதலாம். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, யார் எடுத்தது, வாசித்தவர் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் 'வாசித்தவர் பெயர் தெரியவில்லை' என்ற ஒரு வரி. கணக்குப்போட்டு உருவாக்கின அலை என்றால் அதையும் எழுதலாம். இது இல்லாமல் வருகிற எந்த வங்கியையும் இனி நாங்கள் பகிரப்போவதில்லை. எங்களுடைய பழைய கோப்புகளிலும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வாறம். 105ஆம் இலக்கச் சிதார் முடிஞ்சுது. 112 ஊதினவருக்குத் தொகுப்பாளர்கள் மாதிரி ஒரு பெயர் வைக்க வேணும் எண்டு இரண்டு பேர் நிக்கினம், 'தெரியவில்லை' எண்டதே போதும் எண்டு மற்றாக்கள். இன்னும் முடிவில்லை.